பழைய வீடியோ சர்வரைக் கன்டெய்னருக்கு மாற்றுவது: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்

ஒரே ஒரு பெரிய சர்வர். அதில்தான் வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் ஓடும், அதில்தான் கோப்புகளை அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், வீடியோக்களும் அதே டிஸ்க்கில் கிடக்கும், யாரோ எப்போதோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் ஒரு பத்துப் பன்னிரண்டு கிரானில் (நேரம் வைத்து நிரல்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) சுற்றிக்கொண்டிருக்கும், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு "கன்டெய்னருக்கு மாறிடலாம்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்டெய்னர் என்பது ஒரு நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டித் தனித்து ஓட்டும் பெட்டி, இமேஜ் அதை உருவாக்கும் அச்சு.

நானே மாற்றியும் இருக்கிறேன், மற்றவர்கள் மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது வரிசையில்தான். முதல் வாரமே குபர்நெட்டிஸ் (பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) கிளஸ்டரை எழுப்பிவிட்டு அதற்குள் எதைப் போடுவது என்று தேடுவார்கள். போடுவதிலும் நேரலையைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள், ஏனென்றால் இப்போது அதிகம் தொல்லை கொடுப்பது அது. நான் சொல்லும் வரிசையில் அது கிட்டத்தட்டக் கடைசியில் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸும், கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் டாக்கரின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்க ஒரு கிட் (Git) களஞ்சியம், இமேஜ்களை வைக்க ஒரு ரெஜிஸ்ட்ரி, எஸ்3 மாதிரியோ மினியோ மாதிரியோ ஓர் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் (கோப்புகளை முழுசாக வைத்து எடுக்கும் நெட்வொர்க் சேமிப்பு), பழைய சர்வரைத் தொடாமல் உடைத்துப் பார்க்க ஒரு தனி இயந்திரம். இவ்வளவும் எல்லோரும் தயார் செய்துவிடுகிறார்கள்.

விட்டுவிடுவது இரண்டு. முதலாவது, மோசமான வீடியோக்களின் தொகுப்பு. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, ஃப்ரேம் வேகம் நிலையில்லாமல் மாறுவது, ஒலியே இல்லாதது, அகலம் ஒற்றைப்படை எண்ணாக இருப்பது, மூன்று மணி நேரம் ஓடுவது. உங்கள் பயனர்கள் ஏற்கெனவே அனுப்பித் தோற்றுப்போனவற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மாதிரி வீடியோவை வைத்துச் சோதித்தால் எந்த இமேஜும் தேறிவிடும்.

இரண்டாவது, இன்றைய எண்கள். ஒரு மணி நேர வீடியோவை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது, உச்ச நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், சராசரி பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட்) என்ன. 4 மெகாபிட்டில் 1000 பேர் பார்த்தால் நொடிக்கு 4 கிகாபிட் வெளியே போக வேண்டும், 5 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 2.25 கிகாபைட் இடம் பிடிக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வையுங்கள். மாற்றி முடித்த பிறகு "முன்னைவிட மெதுவா இருக்கே" என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல வேறு வழி கிடையாது.

2. இருப்பதைப் பிரித்து எழுதுங்கள்

பழைய சர்வர் செய்வது நான்கு வேலை: உள்ளே வாங்குவது, பல தரங்களுக்கு மாற்றுவது, துண்டுகளாக்கிப் பிளேலிஸ்ட் (துண்டுகளின் பட்டியல்) போடுவது, பார்வையாளருக்கு அனுப்புவது. ஒவ்வொன்றும் எந்த ஸ்கிரிப்ட்டில் நடக்கிறது, எதை எங்கே எழுதுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் எதையாவது எழுதிவிட்டு அடுத்த முறை அதையே நம்பி ஓடும் ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மை. கன்டெய்னருக்குள் போனதும் முதலில் உடைவது அவைதான்.

எஃப்எஃப்எம்பெக்கிடம் பதிப்பைக் கேட்டால், அது எந்தெந்த ஆப்ஷன்களோடு கட்டப்பட்டது என்று நீளமாக ஒரு வரியும் சேர்ந்து வரும். அந்த வரியை அப்படியே நகலெடுத்துக் கிட்டில் போடுங்கள். யாரோ கையால் கட்டிய எஃப்எஃப்எம்பெக் என்றால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். அந்த வரியில் எஃப்டிகே ஏஏசி என்ற ஒலி நூலகமும் நான்ஃப்ரீ என்ற சொல்லும் தென்பட்டால், அந்த பைனரியை வெளியாருக்கு விநியோகிக்க உரிமம் இடம் தராது, எனவே அதை வைத்துக் கட்டும் இமேஜைப் பொது ரெஜிஸ்ட்ரியில் ஏற்றிவிடாதீர்கள்.

3. கோப்புகளை முதலில் வெளியேற்றுங்கள்

இன்னும் ஒரு கன்டெய்னர்கூட இல்லை, அதற்குள் இந்த வேலையா என்று தோன்றும். கன்டெய்னர் செத்தால் அதற்குள் எழுதியதும் கூடவே போகும் என்பதால், கோப்புகள் சர்வர் டிஸ்க்கில் இருக்கும்வரை மீதி எதையும் நிம்மதியாகப் பிரிக்க முடியாது. பழைய ஸ்கிரிப்ட்டுகளையே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு எழுத வையுங்கள். இரண்டு வாரம் அப்படியே ஓடட்டும்.

இங்கே ஒரு குறுக்குவழி கண்ணைச் சிமிட்டும்: ஸ்டோரேஜ் பக்கெட்டை ஒரு ஃபோல்டர் போல மவுண்ட் செய்துவிட்டால் ஸ்கிரிப்ட்டைத் தொடவே வேண்டாமே! வேண்டாம். எம்பி4 எழுதும்போது எஃப்எஃப்எம்பெக் கடைசியில் கோப்பின் முன்பகுதிக்குத் திரும்பி வந்து திருத்தி எழுதும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் நடுவில் திருத்துவது என்று ஒன்று கிடையாது, முழுக் கோப்பையும் மறுபடி ஏற்றியாக வேண்டும். பெயர் மாற்றுவதும் அங்கே நகலெடுத்து அழிப்பதுதான். உள்ளூர் டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றும்போது வரிசை முக்கியம். துண்டுகள் முதலில், அந்தந்தத் தரத்தின் பிளேலிஸ்ட் அடுத்து, எல்லாத் தரங்களையும் சுட்டும் மாஸ்டர் பிளேலிஸ்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். மாஸ்டர் இருந்தால் வீடியோ தயார் என்று எல்லோரும் நம்புவார்கள், அந்த நம்பிக்கையை அது காப்பாற்ற வேண்டும்.

4. முதல் இமேஜ்: டிரான்ஸ்கோடர்

கன்டெய்னராக்க மிகச் சுலபமானது, வீடியோவைப் பல தரங்களுக்கு மாற்றும் இந்த டிரான்ஸ்கோடர்தான். உள்ளே ஒரு கோப்பு, வெளியே சில கோப்புகள், இடையில் நினைவு எதுவும் வேண்டாம், தோற்றால் திரும்ப ஓட்டலாம். கட்டுவதற்கு ஒரு நிலை, ஓடுவதற்கு ஒரு நிலை என்று இரண்டாகப் பிரித்தால் கம்பைலர் மூட்டை கடைசி இமேஜுக்குள் வராது. எஃப்எஃப்எம்பெக்கின் பதிப்பைக் குறிப்பிட்டே எழுதுங்கள். லேட்டஸ்ட் என்று போட்டுவிட்டால், நீங்கள் எதையுமே மாற்றாத ஒரு நாளில் வெளியீடு மாறும்.

இந்த இடத்தில் தொடர்ந்து பார்த்த தவறுகள் சில. என்ட்ரிபாயின்ட்டை (கன்டெய்னர் தொடங்கும்போது ஓடும் கட்டளை) ஷெல் வழியாக எழுதினால் கன்டெய்னரின் முதல் பிராசஸ் ஷெல்லாகிவிடுகிறது, அது நிறுத்தச் சொல்லும் சிக்னலை எஃப்எஃப்எம்பெக்கிடம் கொண்டுபோகாது. வேலை பாதியில் பலவந்தமாக வெட்டப்படும். நேரடியாக அழைக்கும் வடிவில் எழுதுங்கள், இல்லையென்றால் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் எக்ஸெக் சேருங்கள்.

அடுத்தது, எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகையை எதிர்பார்க்கும் பழக்கம். ஸ்கிரிப்ட்டில் ஒரு பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றையும் மாற்றச் சொன்னால், அடுத்த வரிகளை எஃப்எஃப்எம்பெக்கே விழுங்கிவிடும். முதல் வீடியோ மட்டும் மாறும், லூப் அமைதியாக முடிந்துவிடும், பிழைச்செய்தியும் வராது. ஒரு முழு நாளைத் தின்ற விஷயம் இது. நோஸ்ட்டின் என்ற ஆப்ஷனை எப்போதும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் லாக். முன்னேற்றத்தை எஃப்எஃப்எம்பெக் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதிக் காட்டும். திரையில் அழகாக இருக்கும், லாக் கோப்பில் மட்டும் மைல் நீளத்துக்கு ஒரே வரி. அதை அணைத்துவிட்டு ப்ரோக்ரஸ் ஆப்ஷன் தரும் தனித்தனி வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்கரின் வழக்கமான லாக் அமைப்புக்கு அளவு வரம்பு கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிய நாளில்தான் தெரியவரும்.

வசனத்தைப் படத்தின் மேலேயே எரிக்கிறவர்கள் எழுத்துருக்களையும் இமேஜுக்குள் வைக்க மறக்கக் கூடாது. பழைய சர்வரில் யாரோ நிறுவி வைத்திருப்பார்கள். புதிய இமேஜில் அதே வசனம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

5. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானியங்கிச் சோதனை

டெவ்ஆப்ஸ் என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் எனக்கு உண்மையில் பயன்பட்டது இந்தப் பகுதிதான். கிட்டில் ஒரு மாற்றம் விழுந்ததும் இமேஜ் கட்டப்பட வேண்டும், மோசமான வீடியோக்களின் தொகுப்பு முழுவதும் அதன் வழியே ஓட வேண்டும், எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோப் வெளியீட்டை அளக்க வேண்டும். ஜென்கின்ஸ், கிட்லேப் எதில் செய்தாலும் சரி.

எதை அளப்பது? உள்ளே போன நீளமும் வெளியே வந்த நீளமும் ஒன்றா, ஒலி இருக்கிறதா, எல்லாவற்றையும்விட முக்கியமாக, எல்லாத் தரங்களிலும் கீஃப்ரேம்கள் (மற்ற ஃப்ரேம்களை நம்பாமல் தனியே திறக்கும் முழு ஃப்ரேம்கள்) ஒரே நேரப்புள்ளிகளில் விழுகின்றனவா. பிளேயர் 720-லிருந்து 480-க்கு இறங்குவது துண்டின் எல்லையில்தான், துண்டு தொடங்குவது கீஃப்ரேமில்தான். இவை தரத்துக்குத் தரம் விலகியிருந்தால் இணையம் தளரும்போதெல்லாம் படம் துள்ளும். உங்கள் அலுவலக இணையத்தில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே பிளேயர் இறங்கவே இறங்காது.

6 நொடித் துண்டு, 2 நொடிக்கு ஒரு கீஃப்ரேம் என்பது நல்ல தொடக்கம். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 50 ஃப்ரேமுக்கு ஒன்று. காட்சி மாறும்போது தானாகக் கீஃப்ரேம் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். வரும் வீடியோக்களின் ஃப்ரேம் வேகம் கலவையாக இருந்தால் ஃப்ரேம் எண்ணிக்கையில் சொல்லாமல் நொடிக் கணக்கில் சொல்லுங்கள். ஒற்றைப்படை அகலத்தை இரட்டைப்படையாக்கும் வரியும் இங்கேயே சேரட்டும், வழக்கமான 4:2:0 நிற அமைப்பில் அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருந்தால்தான் எக்ஸ்264 என்கோடர் வேலையைத் தொடங்கும்.

6. கிரானுக்குப் பதில் ஒரு வேலை வரிசை

பல டிரான்ஸ்கோடர்களை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமென்றால், யார் எதை எடுப்பது என்று சொல்ல ஒரு கியூ வேண்டும். ரேபிட்எம்க்யூ, எஸ்க்யூஎஸ், ரெடிஸ் எதுவும் போதும். சிக்கல் வேறு இடத்தில். கியூவிலிருந்து ஒரு வேலையை எடுத்துவிட்டு நெடுநேரம் பதில் சொல்லாமலிருந்தால், எடுத்தவர் செத்துவிட்டார் என்று நினைத்து அது வேறொருவருக்குக் கொடுத்துவிடும். எஸ்க்யூஎஸ்ஸில் இந்தக் காத்திருப்பு, மாற்றாவிட்டால், 30 நொடி. வீடியோ வேலையோ 40 நிமிடம் ஓடும்.

விளைவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே படத்தை ஐந்தாறு ஒர்க்கர்கள் (வேலையை எடுத்துச் செய்யும் டிரான்ஸ்கோடர்கள்) மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதன் மேலேயே இன்னொருவர் எழுதிக்கொண்டிருப்பார்கள், கிளஸ்டர் முழுக்க வேர்த்துக் கொட்டும், வரிசை மட்டும் குறையாது. ஆள் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஒர்க்கர் இடையிடையே "இன்னும் உயிரோடிருக்கிறேன்" என்று நேரத்தை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியும் ஒரே வேலை இரண்டு முறை ஓடத்தான் செய்யும். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி ஃபோல்டர் கொடுத்து, முடித்தவர் மட்டும் கடைசியில் பெயரைப் பதிவு செய்யும்படி வையுங்கள். மூன்று முறை தோற்ற வேலை தனி வரிசைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் ஒரே ஒரு கெட்ட கோப்பு எல்லா ஒர்க்கர்களையும் ஒவ்வொருவராகச் சாகடிக்கும்.

7. ஆரிஜினும் கேஷும்

இனி அனுப்பும் பக்கம். ஆரிஜின் என்பது மூலக் கோப்புகளைத் தரும் சர்வர், சிடிஎன் என்பது அவற்றின் நகலைக் கேஷில் வைத்துப் பார்வையாளருக்கு அருகிலிருந்து தரும் வலையமைப்பு. துண்டுகள் ஒருமுறை எழுதினால் மாறாதவை, ஒரு வருடம்கூடக் கேஷில் இருக்கலாம். நேரலைப் பிளேலிஸ்ட் சில நொடிக்கு ஒருமுறை மாறும், அதற்குத் துண்டின் நீளத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே விதி போட்டுவிட்டு, "சிலருக்கு மட்டும் உறைந்து நிற்கிறது" என்ற புகாரைத் துரத்துகிறவர்கள் நிறைய. ஆரிஜினில் எல்லாம் சரியாக இருக்கும், சிடிஎன்னில் பழைய பிளேலிஸ்ட் உட்கார்ந்திருக்கும்.

404-ஐயும் சிடிஎன் கேஷ் செய்யும் என்பது பலருக்கும் புதுச் செய்தி. துண்டு வந்து சேர்வதற்கு அரை நொடி முன்னால் ஒரு பிளேயர் கேட்டுவிட்டால், துண்டு வந்த பிறகும் "இல்லை" என்ற பதிலே மற்றவர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கும். 404-க்கு ஒரு நொடி, அவ்வளவுதான். ஒரே துண்டை நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஆரிஜினுக்கு ஒரு கோரிக்கை மட்டும் போகும்படி என்ஜின்எக்ஸில் கேஷ் லாக் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

சஃபாரியில் ஓடுகிறது, குரோமில் ஓடவில்லை என்றால் முதலில் கோர்ஸ் ஹெடரை, அதாவது வேறு தளத்துக் கோப்பை வாங்கப் பிரவுசருக்குத் தரும் அனுமதியைப் பாருங்கள். சஃபாரி எச்எல்எஸ்ஸை, அதாவது இந்தத் துண்டு-பிளேலிஸ்ட் முறையை, தானே இயக்கும், மற்ற பல இடங்களில் ஜாவாஸ்கிரிப்ட் பிளேயர்தான் கோப்புகளைக் கேட்டு வாங்குகிறது, அதற்கு அனுமதி ஹெடர் வேண்டும். பிளேலிஸ்ட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் துண்டுகளுக்குக் கொடுக்க மறப்பதும் உண்டு.

8. இப்போதுதான் குபர்நெட்டிஸ்

இரண்டு மூன்று இயந்திரங்கள்தான் என்றால் டாக்கர் கம்போஸ் போதும், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேவைப்படுகிறவர்களுக்கு முதல் சிக்கல் சிபியு வரம்பு. 32 கோர் இயந்திரத்தில் ஒரு பாட் (pod, குபர்நெட்டிஸ் கன்டெய்னரை ஓட்டும் அலகு) ஒன்றுக்கு 4 கோர் என்று வரம்பு வைக்கிறீர்கள். உள்ளே ஓடும் எக்ஸ்264-க்கு அந்த வரம்பு தெரியாது, 32 கோர் இருப்பதாக எண்ணி அதற்கேற்ற த்ரெட்களைத் திறக்கும். கெர்னலோ ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் உங்கள் பங்கு தீர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும், நினைவகமும் சேர்ந்து ஏறும். த்ரெட் எண்ணிக்கையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாட் 137 என்ற எண்ணோடு செத்தால் பெரும்பாலும் நினைவகம் போதவில்லை. தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மணி நேர வீடியோவின் ஐந்து தரங்கள் நோட்டின் (பாட் ஓடும் இயந்திரம்) டிஸ்க்கை நிரப்பினால் குபர்நெட்டிஸ் பாட்டை வெளியே தள்ளிவிடும். ஒர்க்கர்களைக் கூட்டிக் குறைக்க சிபியு அளவைப் பார்ப்பதில் பயனில்லை, டிரான்ஸ்கோடர் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். வரிசையில் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டுங்கள், கேடா என்ற கருவி அதற்காகவே இருக்கிறது.

9. நேரலை

சரி, இதற்குத்தான் இத்தனை ஒத்திகை. நேரலையில் திரும்ப ஓட்டிப் பார்க்கிற வசதி இல்லை.

வெளிக் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்குள் விடும் இன்க்ரெஸ் எச்டிடிபிக்கு உரியது. நேரலையை அனுப்பும் முறைகளில் ஆர்டிஎம்பி டிசிபி 1935-இல் வரும், எஸ்ஆர்டி யுடிபியில் வரும், இரண்டுக்கும் தனியாக லோட் பேலன்சர் சர்வீஸ் வேண்டும். இது எளிய பகுதி.

வழக்கமான ரோலிங் அப்டேட்டை நேரலை என்கோடருக்கு விடாதீர்கள். அது புதிய பாட்டை எழுப்பிவிட்டுத்தான் பழையதை நிறுத்தும். அந்தச் சில நொடிகளில் இரண்டு என்கோடர்கள் ஒரே பிளேலிஸ்ட்டை மாறி மாறி எழுதும், பார்வையாளரின் படம் முன்னும் பின்னும் குதிக்கும். ஒரு சேனலுக்கு ஒரு டிப்ளாய்மென்ட், ரீகிரியேட் முறை (பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை எழுப்புவது) என்று வையுங்கள். இடைவெளியே கூடாது என்றால் முதன்மை, மாற்று என்று இரண்டு என்கோடர்களைத் தனித்தனிப் பாதைகளில் எழுத விட்டு ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள்.

என்கோடர் மறுபடி எழும்போது துண்டு எண்ணை 0-இலிருந்து தொடங்கிவிடும். எச்எல்எஸ் விதிப்படி பிளேலிஸ்ட்டின் வரிசை எண் குறையவே கூடாது. குறைந்தால் சில பிளேயர்கள் சமாளிக்கும், சில பிளேயர்கள் அப்படியே நின்றுவிடும். ஒரு நிகழ்ச்சியின் நடுவில் எனக்கு இது நடந்தது. என்கோடர் நாலு நொடியில் மீண்டு வந்துவிட்டது, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, டிவியில் பார்த்தவர்களுக்கு மட்டும் கடைசிப் படம் அசையாமல் நின்றது, யாராவது பக்கத்தை மூடித் திறக்கும்வரை. அன்றிலிருந்து தொடக்க எண்ணைக் கடிகார நேரத்திலிருந்தே எடுக்கச் சொல்கிறேன், மறுதொடக்கம் ஆன இடத்தில் தொடர்ச்சி அறுந்த அடையாளத்தையும் போடச் சொல்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இரண்டு வகைத் தவறு. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் உறைந்துபோன எஃப்எஃப்எம்பெக்கும் தேறிவிடும். பிளேலிஸ்ட் புதிதாகிறதா என்று பார்த்துக் கொன்றால், கேமராக்காரர் இன்னும் அனுப்பத் தொடங்காத நேரத்திலெல்லாம் பாட் செத்துச் செத்து எழும். மூலம் வந்துகொண்டிருக்கும்போது பிளேலிஸ்ட் நின்றால் மட்டும் கொல்லுங்கள்.

நிறுத்தச் சொன்ன பிறகு குபர்நெட்டிஸ் காத்திருப்பது 30 நொடி. கடைசித் துண்டை முடித்து ஏற்ற அது போதுமா என்று உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். நோட்களைப் பராமரிப்புக்காகக் காலி செய்யும் வேலை நிகழ்ச்சி நேரத்தில் நடக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எதைப் பார்த்துக்கொண்டிருப்பது

கண்காணிப்புக்கு ப்ரோமிதியஸும் கிராஃபானாவும் நிறுவியதும் நாற்பது வரைபடம் போட ஆசை வரும். எனக்கு மூன்று போதும். நேரலையில் பிளேலிஸ்ட் கடைசியாக மாறி எத்தனை நொடி ஆயிற்று: துண்டு நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் புதியது வந்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது, 6 நொடித் துண்டுக்கு 9 நொடியில் மணி அடிக்கட்டும். எஃப்எஃப்எம்பெக்கின் வேகம் 1-க்குக் கீழே போகிறதா: போனால் நேரலை பின்தங்கிக்கொண்டிருக்கிறது. வரிசையில் மிகப் பழைய வேலைக்கு எவ்வளவு வயது. பிளேயரிலிருந்து, பார்க்கத் தொடங்க ஆன நேரமும் இடையில் நின்ற நேரமும் வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சர்வர் பச்சையாக இருப்பதைப் பார்வையாளர் பார்ப்பதில்லை.

11. பழையதை அணைப்பது

ஒரே இரவில் திருப்பாதீர்கள். அதிகம் பேர் பார்க்காத ஒரு சேனல், அல்லது புதிதாக ஏறும் வீடியோக்கள் மட்டும் என்று தொடங்குங்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் அமைப்பு) பதிவின் காலாவதி நேரத்தை ஓரிரு நாள் முன்பே குறைத்து வையுங்கள், அப்போதுதான் திரும்பி ஓடவேண்டி வந்தால் உடனே ஓட முடியும்.

எல்லாம் நகர்ந்த பிறகும் பழைய சர்வரின் அணுகல் லாகைத் தினமும் பாருங்கள். யாரோ ஒருவரின் பழைய டிவி செயலி, நேரடி ஐபி முகவரியைப் பதித்துவைத்த ஒரு செட்டாப் பெட்டி, மறந்துபோன ஒரு பார்ட்னரின் இணைப்பு என்று கோரிக்கைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் திருப்பிவிடுங்கள். லாக் ஒரு மாதம் காலியாக இருந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள், டிஸ்க்கை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அழிக்காமல் வைத்திருங்கள். கிரானில் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிறதாக இருக்கும்.